கேன் தண்ணீரும் மீன் முட்டைகளும்

முப்பத்தொன்பது வயதில் நான் மறுபடியும் மாணவியானேன். அதற்கு முன் பதினான்கு வருடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் கருவளர்ச்சிப் பாடம் எடுப்பேன். ஒரு வட்டம் போட்டு நடுவில் கோடு இழுத்தால் இரண்டு செல். குறுக்கே இன்னொரு கோடு இழுத்தால் நான்கு. அப்புறம் எட்டு, பதினாறு. கலர் சாக்பீஸில் அழகாக வரைவேன். பிள்ளைகள் பார்த்து நோட்டில் வரைந்துகொள்வார்கள். அந்தப் பதினான்கு வருடத்தில் ஒரு முட்டை இரண்டாகப் பிரிவதை நான் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. அது ஒரு குறை என்று எனக்குத் தோன்றியதும் இல்லை.

ஆராய்ச்சிப் படிப்புக்குச் சேர வேண்டும் என்று மட்டும் வீட்டில் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தேன். என் கணவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியன். அதிகம் பேசாதவர். ஒருநாள் சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டே, "இன்னும் எம்புட்டு வருஷம் சொல்லிக்கிட்டே இருப்ப? போய்ச் சேந்துரு. மத்ததைப் பொறவு பாத்துக்கிடலாம்" என்றார். அந்த ஜூன் மாதம் சேர்ந்துவிட்டேன்.

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறை. என் வழிகாட்டிப் பேராசிரியை என்னைவிட எட்டு வயது இளையவர். வெளிநாட்டில் இரண்டு வருடம் மீன் கருக்களை வைத்து வேலை செய்துவிட்டுத் திரும்பியிருந்தார். நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை அக்கா என்பார். யார் யாருக்கு மரியாதை கொடுப்பது என்று முதல் ஒரு மாதம் இரண்டு பேருக்குமே குழப்பம்தான்.

லேப் என்பது முன்பு பழைய பாடம் செய்த பாம்புகளையும் தவளைகளையும் போட்டு வைத்திருந்த ஓர் அறை. அதில் மூன்று அடுக்கில் கண்ணாடித் தொட்டிகள். தொட்டிகளில் வரிக்குதிரை மீன்கள். பாதிச் சுண்டுவிரல் நீளம். உடம்பு நெடுக நீல வரிகள். மீன் வளர்க்கும் வீடுகளில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய மீன்தான். ஆனால் அதன் முட்டை கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே நடப்பது அத்தனையும் வெளியே தெரியும்.

அந்த மீன்கள் வெளிச்சம் வந்தவுடன் முட்டையிடும். அதனால் முந்தின நாள் சாயங்காலமே ஆணையும் பெண்ணையும் நடுவில் தடுப்புப் போட்டுப் பிரித்து வைத்துவிட வேண்டும். காலை ஏழரைக்கு விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுக்க வேண்டும். இதற்காக நான் ஆறு மணி பஸ்ஸைப் பிடிப்பேன். அந்த நேரத்துக்கு மேற்கே மலை முழுவதும் கருநீலமாக இருக்கும். எதிர்ப்பக்கம் கிருஷ்ணன்கோவிலுக்குப் போகும் காலேஜ் பஸ்கள் தூங்கி வழியும் பிள்ளைகளோடு வந்துகொண்டிருக்கும். நான் அவர்களுக்கு எதிர்த்திசையில் போவேன், அவர்களைவிட இருபது வயது மூத்த மாணவியாக.

முதல் நாள் தடுப்பை எடுத்தது மேடம்தான். ஆண் மீன் பெண்ணைத் துரத்தியது. பத்து நிமிடம் இருக்கும். தொட்டியின் அடியில் போட்டிருந்த வலைக்குக் கீழே ஏதோ ரவை உதிர்ந்தது போலத் தெரிந்தது. அதை ஒரு வடிகட்டியில் அள்ளி, கழுவி, கண்ணாடித் தட்டில் ஊற்றி நுண்ணோக்கியில் வைத்தார். "அக்கா, உக்காந்து பாருங்க. அவசரப்படாதீங்க. செத்த நேரம் அப்படியே பாத்துக்கிட்டே இருங்க."

பார்த்தேன். ஒரு பெரிய உருண்டை, அதன் தலையில் தொப்பி போல ஒரு சின்ன மேடு. அந்த மேடுதான் முதல் செல். அசையாமல் இருந்தது. என் கழுத்து வலிக்க ஆரம்பித்தது. அப்போது மேட்டின் நடுவில் ஒரு நிழல் விழுந்தது. நிழல் ஆழமாகி ஒரு பள்ளமானது. பிசைந்த மாவை யாரோ மேலிருந்து நூலால் மெல்ல அழுத்துவது போல. ஆனால் அழுத்தும் கை எங்கும் இல்லை. அது தானாகவே இரண்டாக நின்றது. கால் மணி நேரத்தில் நான்கு. அடுத்த கால் மணியில் எட்டு.

பதினான்கு வருடம் கரும்பலகையில் நான் இழுத்த கோடுகள் என் கண்ணெதிரே தாமாக விழுந்துகொண்டிருந்தன. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. மேடம் என் தோளில் கை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலை அதே தட்டைப் பார்த்தபோது உருண்டையைச் சுற்றி ஒரு மெல்லிய உடல் வளைந்து கிடந்தது. தலைக்கும் உருண்டைக்கும் நடுவில் ஒரு சிறு குழாய் துடித்தது. அதுதான் இதயம். முந்தின நாள் அங்கே இதயம் என்று ஒன்று இல்லை. இருபத்துநாலு மணி நேரத்தில் எங்கிருந்தோ வந்து, யாரும் தொடங்கி வைக்காமல், தன் பாட்டுக்குத் துடிக்க ஆரம்பித்திருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் மகளின் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். அவளுக்குப் பதிமூன்று வயது. "அம்மா, விடுங்க, கூசுது!" என்று துள்ளி ஓடினாள்.

எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை பிஸ்பினால் என்ற வேதிப்பொருளைப் பற்றியது. கெட்டியான, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கைச் செய்ய அது வேண்டும். உணவு டின்களின் உட்பூச்சில் இருக்கும். கடையில் கொடுக்கும் வழவழப்பான பில் தாளில் இருக்கும். பிஸ்பினால் ஏ கெடுதல் என்று பேச்சு வந்த பிறகு, பல இடங்களில் அதற்குப் பதிலாக பிஸ்பினால் எஸ் என்று அதன் தம்பியைப் போட ஆரம்பித்தார்கள். அண்ணனைவிடத் தம்பி நல்லவனா என்று மீன் கருக்களை வைத்துப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி.

வழக்கமான முறை இது: ஒரே நாளில் இட்ட முட்டைகளைப் பல தட்டுகளாகப் பிரிப்போம். ஒரு தட்டில் வெறும் தண்ணீர், அதில் கொஞ்சம் உப்புகள். அதைக் கன்ட்ரோல் என்போம். அதற்கு எதுவும் ஆகக்கூடாது. மற்ற தட்டுகளில் பிஸ்பினாலைக் கொஞ்சம், அதற்கு மேல் கொஞ்சம் என்று கலப்போம்.

அதிக அளவு கலந்த தட்டுகளைப் பார்ப்பது கஷ்டமாக இருக்கும். இதயத்தைச் சுற்றித் தண்ணீர் கோத்து நெஞ்சுப் பகுதி பலூன் மாதிரி உப்பிவிடும். அதற்குள் இதயம் நூலாக இழுபட்டு மெதுவாக அடிக்கும். வால் கொக்கி மாதிரி வளையும். ஐந்தாம் நாள் மற்ற குஞ்சுகள் காற்றுப்பை நிறைந்து மிதக்கும்போது இவை தட்டின் அடியில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கும். அவற்றைக் குறிப்பேட்டில் எழுதும்போது என் கையெழுத்து மாறிவிடும் என்று மேடம் சொல்வார்.

ஆனால் என்னை உண்மையில் அசத்தியது மிகக் குறைந்த அளவு கலந்த தட்டுதான். எம்புட்டுக் குறைவு என்றால், ஒரு சிட்டிகை உப்பைத் தோட்டத்துப் பெரிய கிணறு நிறைய இருக்கும் தண்ணீரில் போட்டுக் கலக்கியது போல. அந்தத் தட்டில் குஞ்சுகளுக்கு வால் வளையவில்லை, நெஞ்சு உப்பவில்லை. பார்க்க அத்தனையும் நன்றாக இருந்தன. ஆனால் அவற்றின் நடமாட்டம் வேறாக இருந்தது; அண்ணனைக் கலந்தாலும் தம்பியைக் கலந்தாலும் அப்படித்தான். விளக்கு எரியும்போது மீன் குஞ்சு அமைதியாக இருக்கும். அணைத்தால் திடுக்கிட்டு ஓடும். மேலே ஒரு சின்ன கேமராவை வைத்து அவை போகும் தடத்தைக் கணினியில் கோடாக எடுப்போம். கன்ட்ரோல் குஞ்சுகள் வெளிச்சத்தில் இரண்டு மூன்று குட்டிக் கோடுகள் போட்டுவிட்டு நிற்கும். இந்தக் குஞ்சுகளோ வெளிச்சத்திலும் நிற்காமல் சுற்றிச் சுற்றித் தட்டின் வட்டம் முழுவதையும் கிறுக்கி வைத்திருந்தன.

"எப்படி மேடம்?" என்று கேட்டேன்.

"உடம்பு வளருதப்ப உள்ள ஹார்மோன் சொல்லுத சேதியைக் கேட்டுத்தான் வளருது அக்கா. எப்ப எது செய்யணும்னு. இந்தப் பொருளுக்கு ஈஸ்ட்ரோஜன் மாதிரி ஒரு முகச்சாயல் இருக்கு. செல்லுக்கு ஆள் வித்தியாசம் தெரியல. சேதி வந்துட்டுன்னு நெனச்சு அது பாட்டுக்கு வேலையைத் தொடங்கிருது."

அன்று பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு சின்ன சேதியைக் கேட்கிற காது அந்த ரவைக்குள் இருக்கிறதே. பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

இரண்டாம் வருடம் ஏப்ரலில்தான் அது நடந்தது. துறையில் இருந்த, தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் மெஷின் பழுதாகிவிட்டது. சரிசெய்ய ஆள் மதுரையிலிருந்து வர வேண்டும்; வருகிறேன் வருகிறேன் என்று வரவில்லை. கல்லூரி போர் தண்ணீரோ வாயில் வைக்க முடியாத உப்பு. ஆனால் குடிப்பதற்குத் தினமும் இருபது லிட்டர் கேன் வரும். உப்பு அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தோம். கேன் தண்ணீரில் உப்பு மிகக் குறைவாகத்தான் இருந்தது. "மெஷின் சரியாகுத வரைக்கும் இதையே வச்சுக்கிடலாம் அக்கா" என்றார் மேடம்.

அடுத்த வாரமே கணக்கு உதைத்தது. என் கன்ட்ரோல் குஞ்சுகள் வெளிச்சத்தில் கிறுக்க ஆரம்பித்தன. எதுவும் கலக்காத தட்டும், குறைந்த அளவு கலந்த தட்டும் ஒன்று போல இருந்தன. மறுபடி செய்தேன். அதே கதை. பிப்பெட்டுகளை எல்லாம் மாற்றினேன். பிளாஸ்டிக் தட்டுகளை விட்டுவிட்டுக் கண்ணாடித் தட்டுகளுக்குப் போனேன். வேறு பெற்றோர் மீன்களை வைத்துப் பார்த்தேன். நான்காவது முறையும் அப்படியே.

மேடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அக்கா, கோவிச்சுக்கிடாதீங்க. தட்டு ஏதும் மாறிப் போச்சா? லேபிள் ஒட்டும்போது?"

எனக்கு முகம் சுட்டது. "இல்ல மேடம்" என்று மட்டும் சொன்னேன். அந்த வாரம் முழுவதும் அவரோடு சரியாகப் பேசவில்லை. நாற்பது வயதில் படிக்க வந்தால் இப்படித்தான், கைக்கும் கண்ணுக்கும் ஒட்டாது என்று அவர் நினைக்கிறாரோ என்று உள்ளுக்குள் வெந்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை கேன் வரவில்லை. அன்றைக்கு முட்டைகள் ஏராளமாகக் கிடைத்திருந்தன. வீணாக்க மனம் இல்லை. மாடியில் வேதியியல் துறையில் பழைய கண்ணாடிக் குழாய்களை வைத்துத் தண்ணீர் வடிப்பார்கள். அங்கே போய்க் கெஞ்சி, கண்ணாடிக் குடுவையில் இரண்டு லிட்டர் வாங்கி வந்தேன். ஐந்தாம் நாள் கேமராவில் பார்த்தால் கன்ட்ரோல் குஞ்சுகள் அமைதியாக நின்றன. இரண்டு மூன்று குட்டிக் கோடுகள். அவ்வளவுதான்.

மானிட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறையின் மூலையில் அந்த நீல நிற கேன் கவிழ்ந்து இருந்தது. மேலெல்லாம் கீறல், நீலம் மங்கி வெள்ளையாகப் பூத்துப் போயிருந்தது. கெட்டியான, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். அதைத் தினமும் தூக்கி ஊற்றியது நான்தான். பிஸ்பினாலைப் பற்றி நூறு கட்டுரை படித்தவளும் நான்தான்.

மேடத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இப்பவே முடிவு கட்ட வேண்டாம். கண்ணைக் கட்டிட்டுச் செய்வோம்" என்றார். ஒரே பெண் மீன் இட்ட முட்டைகளை இரண்டாகப் பிரித்தோம். பாதி கேன் தண்ணீரில், பாதி கண்ணாடிக் குடுவைத் தண்ணீரில், ஒவ்வொன்றிலும் பல தட்டுகள். எந்தத் தட்டு எது என்று எனக்குத் தெரியாமல் மேடம் வெறும் எண்களை எழுதி, விவரத்தை ஒரு தாளில் மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். ஐந்து நாள். நான் குஞ்சுகளைப் படமெடுத்து, அமைதியானவை இந்த எண்கள், அலைபவை இந்த எண்கள் என்று பிரித்து எழுதிக் கொடுத்தேன். மேடம் தாளைப் பிரித்தார். ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். ஒரே ஒரு தட்டைத் தவிர மற்றதெல்லாம் சரி.

அவர் தாளைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, அன்னைக்கு அப்படிக் கேட்டதுக்கு மன்னிச்சிருங்க" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேர் கையும் சில்லென்று இருந்தது.

கேன் தண்ணீரை ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். பிஸ்பினால் ஏ மிகச் சிறிய அளவில் இருக்கிறது என்று பதில் வந்தது. கிணற்றில் சிட்டிகை உப்பு. நுட்பமான கருவிகள் மெனக்கெட்டுத் தேடித்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்த ரவை அளவு உயிர்கள் எங்களுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டன. அதை நினைத்து அன்று நான் வேறு எந்த வேலையும் செய்யவில்லை.

கேன் போடுகிறவர் சேத்தூர் போகிற ரோட்டில் சின்னதாகத் தண்ணீர் பிளான்ட் வைத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னை டீச்சரம்மா என்பார். நேரில் போய்ச் சொல்லிவிடுவதுதான் முறை என்று தோன்றியது. ஒரு நாள் மதியம் பஸ் ஏறிப் போனேன்.

பிளான்ட்டுக்குப் பின்னால் திறந்த வெளியில் காலி கேன்கள் அடுக்கடுக்காக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் நான்கு பெண்கள் அண்டாவில் ஆவி பறக்கும் தண்ணீரை வைத்துக்கொண்டு கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கையில் ரப்பர் உறை. காஸ்டிக் சோடாவின் நெடி மூக்கில் ஏறியது.

அண்ணாச்சி பெருமையோடு காட்டினார். "பாத்தியளா டீச்சரம்மா? இந்த ஏரியாவுல சுடுதண்ணி, காஸ்டிக் போட்டுக் கழுவுதது நான் ஒருத்தன்தான். மத்தவன்லாம் சும்மா பைப்பைக் காட்டிட்டு அனுப்பிருவான். கழுவி, நல்லா வெயில்ல காய வச்சு, பொறவுதான் தண்ணி புடிக்குதது."

சூடு, காரம், வெயில், கீறல். அந்த வகைப் பிளாஸ்டிக்கிலிருந்து பிஸ்பினால் கசிவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அவர் சுத்தத்துக்காகவே செய்துகொண்டிருந்தார். இவர் ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எனக்குச் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

சொன்னேன். முடிந்தவரை மெதுவாக, மீன் முட்டையிலிருந்து தொடங்கிச் சொன்னேன். அவர் முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

"என் தண்ணியில விஷம்னு சொல்லுதியளா?"

"தண்ணியில இல்ல அண்ணாச்சி. கேன்ல. அதுவும் பழசாகி, வெளுத்துப் போன கேன்ல. ரொம்பக் கொஞ்சம்."

"எம் பிள்ளைய மூணும் இந்தத் தண்ணியத்தான் குடிச்சு வளருது. ஒண்ணுக்காவது ஒரு குறை உண்டுமா? மனுசன் குடிக்குத தண்ணிய மீன் முட்டைல ஊத்திட்டு, ஆடுது ஓடுதுன்னா நான் என்ன செய்ய?"

"மனுசருக்கு இது என்ன செய்யும்னு என்னால சொல்ல முடியாது அண்ணாச்சி. நான் பாத்தது மீனைத்தான். பொய் சொல்ல மாட்டேன்."

"அப்ப எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்திய?"

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். கழுவிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். மறுநாள் கல்லூரிக்கு அவருடைய கேன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அலுவலகத்தில் வேறு ஆளைப் பிடித்தார்கள். அந்தக் கேன்களும் அதே மாதிரிதான் வெளுத்திருந்தன.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு நான் லேப் கதவைத் திறக்கப் போனபோது அண்ணாச்சி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, திருநீறு, கையில் ஹெல்மெட். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "ரெண்டு நாளா உறக்கம் வரல டீச்சரம்மா. அந்த முட்டையக் காட்டுங்க. பாத்துட்டுப் போறேன்."

விளக்கு எரியும் வரை காத்திருந்தோம். தடுப்பை நான் எடுத்தேன். முட்டைகள் விழுந்ததும் அள்ளிக் கழுவி நுண்ணோக்கியில் வைத்து அவரை உட்கார வைத்தேன். முதலில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அவருடைய கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, திருகைச் சரிசெய்தேன்.

"ஒரு உருண்டை தெரியுது."

"அதைப் பாத்துக்கிட்டே இருங்க அண்ணாச்சி."

நான் மற்ற தொட்டிகளுக்கு இரை போடப் போனேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் கேட்டது. மிக மெதுவாக. "டீச்சரம்மா... இது பொளந்துட்டு."

"ரெண்டாயிருச்சா?"

"ஆமா. நான் ஒண்ணும் தொடலை."

அவர் அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை. போன் இரண்டு முறை அடித்தது; எடுக்கவில்லை. நாலு என்றார். எட்டு என்றார். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார். இரண்டு நாள் வயதான கருக்களை வைத்துக் காட்டினேன். அதில் இதயம் அடிப்பது மட்டுமல்ல, ரத்த அணுக்கள் ஒவ்வொன்றாக வால் நுனி வரை போய்த் திரும்புவதும் தெரியும்.

"இது ரத்தமா?"

"ரத்தம்தான்."

"ஏலே..." என்றார், யாரையும் பார்த்து அல்ல. "கடுகுகூட இதைவிடப் பெருசா இருக்குமே. இதுக்குள்ள இம்புட்டு வேலை நடக்குதா?"

கடைசியாக, அதிக அளவு பிஸ்பினால் கலந்த தட்டைக் காட்டினேன். "இது உங்க தண்ணி இல்ல அண்ணாச்சி. இதுல நாங்க வேணும்னே நெறையப் போட்டிருக்கோம்" என்று முதலிலேயே சொன்னேன். உப்பிய நெஞ்சையும், நூலாகிப் போன இதயத்தையும் அவர் பார்த்தார். சட்டென்று தலையை எடுத்துவிட்டார். பிறகு மறுபடி குனிந்து இன்னொரு முறை பார்த்தார்.

"இதுக்கு நோவு தெரியுமா?"

"தெரியல அண்ணாச்சி."

எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். பிறகு திரும்பினார். "நான் இப்ப என்ன செய்யணும்? சொல்லுங்க."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கேனை வெயிலில் போட வேண்டாம். கொதிக்கும் தண்ணீரையும் காஸ்டிக்கையும் உள்ளே விட வேண்டாம். வெளுத்ததையும் கீறல் விழுந்ததையும் கழித்துவிடுங்கள். புதிதாக வாங்கும்போது வேறு வகைப் பிளாஸ்டிக்கைக் கேளுங்கள். அவர் ஒவ்வொன்றையும் போனில் பதிவு செய்துகொண்டார். சிலவற்றை உடனே செய்ய முடியாது என்றும் அங்கேயே சொல்லிவிட்டார். "அம்புட்டு கேனையும் ஒரே நாள்ல மாத்த எனக்குச் சக்தி இல்ல. கொஞ்சம் கொஞ்சமாத்தான் முடியும்." அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

ஒரு மாதத்தில் பிளான்ட்டின் பின்புறம் தகரக் கூரை வந்தது. சுடுதண்ணீர் அண்டா போய்விட்டது. வெளுத்த கேன்களை ஒரு லோடு பழைய பிளாஸ்டிக் கடைக்கு ஏற்றிவிட்டார். மீதிக் கேன்கள் இன்றைக்கும் பாதிக்கு மேல் பழைய வகைதான். மற்ற பிளான்ட்காரர்களிடம் அவர் சொல்லிப் பார்த்தபோது சிரித்தார்களாம். "நீங்க காட்டாம நம்ப மாட்டானுவ டீச்சரம்மா. நானே நம்பலையே" என்றார்.

என் வீட்டிலும் கேனை நிறுத்திவிட்டேன். இத்தனை வருடம் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம். என் மகளைச் சுமந்த மாதங்களிலும் அதைத்தான் குடித்தேன். ஒரு நாள் காலை அவள் கண்ணாடி முன் நின்று, "அம்மா, ரிப்பன் எங்க? பஸ் போயிரும்" என்று கத்திக்கொண்டிருந்தபோது அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து விரல், இரண்டு கண், அந்தக் கோபம். எத்தனை கோடி தடவை பிரிந்து, எத்தனை சேதிகளைச் சரியாகக் கேட்டு இவள் இப்படி வந்து நிற்கிறாள். ரிப்பனை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதே மறந்துவிட்டது.

பிளான்ட்டில் கேன் கழுவும் பெண்கள் நான்கு பேரையும் ஒரு சனிக்கிழமை காலை அண்ணாச்சி லோடு ஆட்டோவில் கூட்டி வந்தார். "இவியளும் பாக்கட்டும். நான் சொன்னா கதை அளக்கேன்னு நெனைக்காவ" என்றார். நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி, "இதுக்குத் தாய் எது டீச்சரம்மா?" என்று கேட்டு, தொட்டியில் குனிந்து மீனை வெகு நேரம் பார்த்தாள்.

கடைசியாகப் பார்த்த பெண் முப்பது வயதுக்குள் இருப்பாள். மூன்று பிள்ளைகள் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். துடிக்கும் இதயத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள். "எங்க சின்னவனுக்கும் வயித்துல இப்படித்தான் தொடங்கியிருக்குமா?"

"ஆமா. இதே மாதிரி ஒரு குழாயாத்தான் தொடங்கும்."

"எத்தனையாவது மாசம்?"

"மாசம்கூட ஆகாது. கரு உண்டாகி மூணு வாரத்துலயே அடிக்க ஆரம்பிச்சிரும்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள். "மூணு வாரம்னா அப்ப நான் உண்டாயிருக்கேன்னே எனக்குத் தெரியாதே" என்றாள். "வெந்நியில கேன் கழுவிக்கிட்டு இருந்திருப்பேன்."

அவள் மறுபடியும் குனிந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.